பெட்டிக்குள் ஒரு மழைக்காலம்

ஆம்பூரில் தைத்த ஒரு ஜோடி ஷூ ஐரோப்பாவின் கடை அலமாரிக்குப் போய்ச் சேர வாரக்கணக்கில் கப்பலில் கிடக்க வேண்டும். பகல் வெயிலில் கொள்கலனின் இரும்புக் கூரை கொதிக்கும், இரவில் கடல் காற்றில் குளிரும். உள்ளே அடைபட்ட காற்றில் இருந்த ஈரம் அந்தக் குளிர்ந்த கூரையில் துளித்துளியாகக் கோத்துச் சரக்கின் மேல் சொட்டும். வானத்தில் ஒரு மேகமும் இல்லாதபோதே கொள்கலனுக்குள் மழை பெய்துவிடும். தோல் நனைந்தால் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை பிடித்த சரக்கு திரும்பி வரும்.

அதனால்தான் ஒவ்வொரு ஷூ பெட்டியிலும் ஒரு சின்னச் சிலிக்கா ஜெல் பொட்டலம் இருக்கிறது. பூஞ்சையைத் தடுக்க டைமெத்தில் ஃபியூமரேட் என்ற வேதிப்பொருளைச் சிறு பைகளில் போட்டு அனுப்பும் வழக்கம் ஒரு காலத்தில் இருந்தது. அது வாங்கியவர்களின் தோலைப் புண்ணாக்கியதால் 2009-இல் ஐரோப்பிய ஒன்றியம் தடை செய்தது. அதன் பிறகு ஏற்றுமதியாளர்களுக்கு மிஞ்சிய நம்பகமான வழி ஈரத்தையே கட்டுப்படுத்துவதுதான். வேலூர், ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றங்கரை நெடுகிலும் இந்த அறிவு தொழிலாளர்களின் கையிலேயே இருக்கிறது. ஒரு தோலைத் தொட்டே அது போதிய அளவு காய்ந்திருக்கிறதா என்று சொல்லிவிடுவார்கள்.

அதே ஊர்களின் சில வீடுகளில் இன்னொரு பெட்டியும் உண்டு, அதற்குள் உரிமம் பெற்ற துப்பாக்கி இருக்கும். வேலூர்ப் பக்கம் பட்டாளத்துக்குப் பிள்ளைகளை அனுப்பிய மண். கம்மவான்பேட்டை போன்ற ஊர்களில் தலைமுறை தலைமுறையாகப் படைவீரர்கள் இருக்கிறார்கள். ஓய்வு பெற்று வந்தவர்களில் சிலர் சொந்த உரிமத்தில் ஒரு 12 போர் இரட்டைக் குழல் துப்பாக்கி வாங்கி, வங்கியிலோ நிறுவனத்திலோ காவலராக வேலைக்குச் சேர்வார்கள். மலையடிவாரத்தில் நிலம் வைத்திருப்பவர்கள், ரொக்கம் கையாளும் வியாபாரிகள், தாத்தாவின் துப்பாக்கியை உரிமத்தோடு பெற்ற பேரன்கள் என்று மற்றவர்களும் உண்டு. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 2019-இல் திருத்தப்பட்ட பிறகு ஒருவர் பொதுவாக இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. துப்பாக்கியைப் பத்திரமாக வைப்பது உரிமதாரரின் பொறுப்பு என்பதை 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் வலியுறுத்துகின்றன. எப்படி வைப்பது என்ற கேள்விக்குப் பெரும்பாலான வீடுகளில் பதில் துணி பீரோதான், அதுவும் புடவைகளுக்குப் பின்னால், தோல் உறைக்குள்.

அந்தப் பதில் ஏன் தவறு, குறைந்த செலவில் சரியான பதில் எது என்று சொல்வதுதான் இந்த அத்தியாயம். நான் சொல்ல வருவதைச் சுருக்கமாக முதலிலேயே வைத்துவிடுகிறேன்: கைக்காசு குறைவாக இருந்தால் பெட்டியைச் சின்னதாகச் செய்யுங்கள், தகட்டைத் தடிப்பாகப் போடுங்கள், சுவரோடு இறுக்குங்கள், உள்ளே தோலை வைக்காதீர்கள், தோட்டாவை அங்கே வைக்கவே வைக்காதீர்கள்.

திருடனிலிருந்து ஆரம்பிப்போம். எந்த இரும்புப் பெட்டியும் திறக்க முடியாதது அல்ல. பெட்டி விற்பது நேரத்தை மட்டும்தான். அமெரிக்காவில் வீட்டுத் துப்பாக்கிப் பெட்டிகள் பலவற்றுக்குக் கிடைக்கும், யு.எல். என்ற பரிசோதனை நிறுவனத்தின் சான்றின் அடிப்படை நிலை என்ன சொல்கிறது தெரியுமா? ஓர் ஆள் கடப்பாரை, சுத்தியல், திருப்புளி போன்ற சாதாரணக் கருவிகளோடு தாக்கினால் ஐந்து நிமிடம் தாங்க வேண்டும். அவ்வளவுதான். பல லட்சம் வீடுகளில் கம்பீரமாக நிற்கும் பெட்டிகளின் உறுதிமொழி ஐந்து நிமிடம். இந்தியாவில் காப்புப் பெட்டிகளுக்கு ஐ.எஸ். 550 என்ற தரநிலை உண்டு. அதன்படி செய்த பெட்டி கனமானது, விலையும் அதற்கேற்றாற்போல் இருக்கும். ஆனால் வீட்டில் ஆள் இருக்கும் தெருவில், சத்தம் கேட்டு அண்டை வீட்டார் எழுந்து வரும் ஊரில், ஐந்து நிமிடம் என்பது சிறிய நேரமில்லை. துணி பீரோவைப் பொறுத்தவரை அந்த ஐந்து நிமிடமும் கிடைக்காது. அதன் தகடு பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர்கூட இராது. திருப்புளியைச் சந்தில் செருகி நெம்பினால் கதவு வாழையிலை மாதிரி மடங்கும்.

ஏன் மடங்குகிறது? ஒரு தகடு வளையாமல் நிற்கும் திறன் அதன் தடிமனின் மூன்றாம் படியைப் பொறுத்தது. தடிமனை இரண்டு மடங்காக்கினால் விறைப்பு எட்டு மடங்காகும், மூன்று மடங்காக்கினால் இருபத்தேழு மடங்காகும். ஆனால் இரும்பின் எடையும் விலையும் தடிமனோடு நேர் விகிதத்தில்தான் ஏறும். பெட்டி வாங்குபவருக்கு இயற்கை தரும் மிகப் பெரிய தள்ளுபடி இதுதான். இதைப் பயன்படுத்திக்கொள்ளாமல், மெல்லிய தகட்டில் ஆளுயரப் பெட்டியை வாங்கி, அதன் முகப்பில் மின்னும் எண் பலகைக்குப் பணம் கொடுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரட்டைக் குழல் துப்பாக்கி ஏறத்தாழ 115 முதல் 120 செ.மீ. நீளம். அதை நிமிர்த்து வைக்க 130 செ.மீ. உயரம், 35 செ.மீ. அகலம், 30 செ.மீ. ஆழத்தில் 3 மி.மீ. தகட்டில் ஒரு பெட்டி அடித்தால் சுமார் 1.9 சதுர மீட்டர் தகடு பிடிக்கும், எடை 45 கிலோவுக்குப் பக்கத்தில் வரும். ஆனால் இரட்டைக் குழல் துப்பாக்கியின் அழகே அது கருவியில்லாமல் மூன்றாகப் பிரிவதுதான்: குழல், முன்கட்டை, விசையோடு கூடிய பின்கட்டை. பிரித்தபின் மிக நீளமான துண்டு குழல்தான், பெரும்பாலும் 30 அங்குலம், அதாவது 76 செ.மீ. எனவே 85 செ.மீ., 30 செ.மீ., 20 செ.மீ. பெட்டி போதும். தகடு ஒரு சதுர மீட்டருக்கும் குறைவாகவே ஆகும். வெல்டிங் பட்டறையில் எடைக்குத்தான் விலை சொல்வார்கள். பெரிய பெட்டிக்கு ஆகும் அதே 45 கிலோ இரும்பில் சின்னப் பெட்டியை 6 மி.மீ. தகட்டில் அடித்துவிடலாம். அதே இரும்புச் செலவுக்கு எட்டு மடங்கு விறைப்பு கிடைக்கிறது. வெட்டுக்கூலியும் வெல்டிங் கூலியும் சற்றுக் கூடும், அது பரவாயில்லை.

பிரித்து வைப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. முன்கட்டையை வேறிடத்தில் பூட்டி வைத்தால் பெட்டியை உடைத்தவன் கையில் அகப்படுவது முழுத் துப்பாக்கி அல்ல. ரிவால்வர் வைத்திருப்பவருக்கு இந்த வசதி இல்லை, ஆனால் அவருக்குத் தேவைப்படும் பெட்டியோ இன்னும் சின்னது.

45 கிலோவை இரண்டு பேர் பேச்சு வாக்கில் தூக்கிக்கொண்டு போய்விடலாம். தூக்கிப் போன பெட்டிக்குத் திருடன் ஐந்து நிமிடம் அல்ல, ஐந்து நாள் எடுத்துக்கொள்வான். ஆகவே சுவரில் இறுக்காத பெட்டி பெட்டியே அல்ல என்பது என் திடமான கருத்து. கான்கிரீட் தளமோ தூணோ இருந்தால் 12 மி.மீ. ஆங்கர் போல்ட் நான்கு போதும். பழைய வீடுகளில்தான் கவனம் தேவை. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய செங்கல் சுவரில் விரியும் வகை ஆங்கரை முறுக்கினால் செங்கல் பிளந்துவிடும். அங்கே சுவரின் மறுபக்கம் வரை துளைத்து, பின்னால் ஒரு இரும்புப் பட்டை கொடுத்து நட்டு போட வேண்டும். பெட்டியை அறையின் மூலையில், கதவு திறக்கும் பக்கம் சுவரை ஒட்டி வரும்படி வைத்தால் கடப்பாரையை வீசி நெம்ப இடமிருக்காது. நெம்புகோலுக்கு நீளம்தான் பலம், அந்த நீளத்தை மூலை பறித்துவிடுகிறது.

பூட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஏழெட்டு லீவர் கொண்ட நல்ல சாவிப் பூட்டு, குறைந்த விலை மின்னணுப் பூட்டைவிட எப்போதும் மேல். வேலூர்க் கோடையில் 40 பாகையைத் தாண்டும் வெப்பத்தில் மலிவான பாட்டரி கசிந்து பலகையைத் தின்றுவிடும். மலிவான எண் பூட்டுகளில் தாழ்ப்பாளைப் பிடித்திருப்பது ஒரு சின்ன மின்காந்த ஊசி மட்டுமே. விரல் ரேகைப் பூட்டு இன்னும் சிக்கல். சுண்ணாம்பிலும் உப்பிலும் அமிலத்திலும் ஆண்டுக்கணக்கில் உழைத்த கைகளில் ரேகை தேய்ந்து போயிருக்கும். ரேஷன் கடை இயந்திரம் முன்னால் விரலைத் துடைத்துத் துடைத்து வைத்து நிற்பவர்களுக்கு இது தெரியும்.

தீயைப் பற்றி ஒரு வார்த்தை. விலை கூடிய பெட்டிகளில் தகடுகளுக்கு நடுவே ஜிப்சம் பலகை வைத்திருப்பார்கள். ஜிப்சத்தின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் நீர்தான், படிகத்துக்குள் கட்டுண்ட நீர். தீ பிடித்தால் அந்த நீர் ஆவியாகி வெப்பத்தை விழுங்கும். அது தீரும் வரை உள்ளே வெப்பநிலை நூறு பாகையை ஒட்டியே நிற்கும். பத்திரங்களுக்கும் பணத்துக்கும் இது அருமையான ஏற்பாடு. ஆனால் அந்த நீரில் கொஞ்சம் சாதாரண நாட்களிலும் உள்ளே கசிந்து பெட்டியின் காற்றை ஈரமாக்கும். நம் தட்பவெப்பத்தில், சிக்கன வரவுசெலவில், துப்பாக்கிக்கு மட்டுமான பெட்டிக்கு ஜிப்சம் வேண்டாம் என்பேன். தீயில் உண்மையான ஆபத்து வேறு. வெளியே தனியாகக் கிடக்கும் தோட்டா தீயில் வெடித்தால் அதன் உறை கிழியும், சிதறும், ஆனால் குழலில்லாததால் குண்டு பெருவேகம் பெறாது. குழலுக்குள் ஏற்றி வைத்த தோட்டா தீயில் வெடித்தால் அது சுட்டதற்குச் சமம், எந்தப் பக்கம் குறி என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். தீயணைக்க வருபவர்களை எண்ணியாவது குழலைக் காலியாக வைக்க வேண்டும்.

இனி ஈரம். இந்த அத்தியாயத்தின் தலைப்புக்கு உரியது இதுதான். நவம்பரில் வடகிழக்கு மழை நாள் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அறையில் வெப்பம் 30 பாகை, ஒப்பு ஈரப்பதம் 75 விழுக்காடு. அந்தக் காற்று 25 பாகைக்குக் குளிர்ந்தாலே அதிலுள்ள நீராவி திரவமாகத் தொடங்கிவிடும். மழையில் நனையும் வெளிச்சுவரில் இறுக்கிய இரும்புப் பெட்டியின் பின்தகடு இரவில் அந்த 25 பாகையை எளிதில் தொடும். இரும்பு துருப்பிடிக்கத் துளி கோக்க வேண்டும் என்பதுகூட இல்லை. ஒப்பு ஈரப்பதம் சுமார் 60 விழுக்காட்டைத் தாண்டினாலே கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் எஃகின் மேல் படிந்து துரு வேகம் பிடிக்கும். உப்பு படிந்திருந்தால் அதைவிடக் குறைந்த ஈரத்திலேயே தொடங்கும். வியர்வைக் கையால் குழலைத் தொட்ட இடத்தில் விரல் வடிவிலேயே துரு எழுவதற்குக் காரணம் அந்த உப்புதான். ஆகவே பெட்டியை உட்சுவரில், குளியலறைக்கு எதிர்ப்பக்கம், தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள். வறண்ட மணலாகவே பலருக்கும் பழகிப்போன பாலாறு 2021 நவம்பரில் கரை ததும்ப ஓடியதைப் பார்த்தவர்களுக்குத் தரையிலிருந்து உயர்த்தச் சொல்வதன் காரணத்தை விளக்க வேண்டாம்.

ஆனால் பெட்டிக்குள் உள்ள காற்று எவ்வளவு நீரைத்தான் வைத்திருக்கும்? நாம் சொன்ன சின்னப் பெட்டியின் கொள்ளளவு சுமார் 50 லிட்டர். மேற்சொன்ன மழைநாள் காற்று 50 லிட்டரில் இருக்கும் நீராவி ஒரு கிராமுக்குச் சற்று அதிகம். அது மட்டும் என்றால் பயப்பட ஒன்றுமில்லை. அதே பெட்டியில் ஒரு கிலோ எடையுள்ள தோல் உறையை வையுங்கள். ஈரக் காற்றில் கிடந்த தோல் தன் எடையில் பத்து முதல் இருபது விழுக்காடு வரை நீரை இழுத்து வைத்திருக்கும், அதாவது நூறு கிராமுக்கு மேல். காற்றில் இருப்பதைப் போல் நூறு மடங்கு. காற்று காயக் காயத் தோல் அதை விட்டுக்கொண்டே இருக்கும். தோல் உறை என்பது துப்பாக்கிக்குச் சுற்றிக் கட்டிய தண்ணீர்த் தொட்டி.

நீர் மட்டுமானால் எண்ணெய் பூசித் தப்பிக்கலாம். தோல் தன்னோடு வேதியியலையும் கொண்டுவருகிறது. பாலாற்றங்கரையின் பழைய பதனிடும் முறை ஆவாரம் பட்டையில் ஊற வைப்பது. பிறகு கடுக்காய் நீரில் மெருகேற்றுவார்கள். இரண்டிலும் வேலை செய்வது டானின் என்ற துவர்ப்புப் பொருள். டானினும் இரும்பும் ஈரத்தில் சந்தித்தால் நீலக் கறுப்புச் சேர்மம் உண்டாகும். நம் முன்னோர் கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து எழுதும் மை காய்ச்சியது இதே வினையைக் கொண்டுதான். அன்னபேதி என்பது இரும்பின் சல்ஃபேட் உப்பு. அந்த மைக்கு வேண்டிய இரும்பை உங்கள் துப்பாக்கியின் குழலிலிருந்து தோல் எடுத்துக்கொள்ளும்.

இன்று பெருவாரியாக நடக்கும் குரோம் பதனிடல் இன்னொரு வழியில் கெடுதல் செய்கிறது. குரோமியம் தோலுக்குள் நுழையும் முன் கந்தக அமிலத்திலும் உப்பிலும் தோலை ஊற வைப்பார்கள். முடிந்த தோலும் சற்றுப் புளிப்பாகவே இருக்கும், அமிலக் காரக் குறியீட்டில் 3.5, 4 என்ற அளவில். நன்றாகக் கழுவாத தோலில் உப்பும் சல்ஃபேட்டும் மிச்சமிருக்கும். ஈரம், அமிலம், உப்பு மூன்றும் ஒன்றாகச் சேர்ந்து, எஃகை நாள் முழுக்க அணைத்தபடி இருக்கும். இடுப்பில் அணிந்து போக, பயணத்தில் எடுத்துச் செல்லத் தோல் உறை நல்லது, அதைக் குறை சொல்லவில்லை. ஆம்பூர்த் தோலின் தரம் உலகம் அறிந்தது. ஆனால் சேமித்து வைக்கும் இடம் தோலுக்கு உரியதல்ல. உறவினர் ஆலையில் மிஞ்சிய நல்ல தோலைப் பெட்டிக்குள் ஒட்டி அழகு பார்க்க எண்ணுபவர்களுக்கு இதை வற்புறுத்திச் சொல்கிறேன். கம்பளித் துணியும் வேண்டாம், அதுவும் நீர் உறிஞ்சும். ஷூ பெட்டிகளை அடுக்கப் பயன்படும் வெள்ளைப் பாலிஎத்திலீன் நுரைத் தாள் போதும். மலிவானது, நீர் குடிக்காது.

தோட்டாவுக்கு வருவோம். பித்தளைத் தோட்டாவைத் தோல் வார்ப்பட்டையில் செருகி வைத்தால் சில மாதத்தில் பச்சையாக மெழுகு போன்ற ஒன்று படியும். தோலை மென்மையாக்கச் சேர்த்த கொழுப்பின் அமிலங்கள் பித்தளையிலுள்ள செம்போடு சேர்ந்து உண்டான சோப்பு அது. துடைத்து எடுத்துவிடலாம். அதைவிடக் கொடிய எதிரி வாசனையில் வருவான், அவன் முதலில் பிடிபட்டதே இந்தியாவில்தான்.

பிரிட்டிஷ் காலத்து இந்தியப் படைகளில் ஒரு விசித்திரம் நடந்தது. மழைக்காலத்தில் படை நடமாட்டம் குறையும், தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைப்பார்கள். மழை ஓய்ந்து எடுத்துப் பார்த்தால் பித்தளை உறைகளில், குறிப்பாகக் குண்டைக் கவ்விப் பிடிக்கும் கழுத்துப் பகுதியில், மெல்லிய விரிசல்கள். யாரும் அடிக்கவில்லை, கீழே போடவில்லை, துருவும் பெரிதாக இல்லை. பருவத்தோடு வருவதால் பருவ வெடிப்பு என்றே பெயர் வைத்தார்கள். காரணத்தை 1921-இல் மூர், பெக்கின்சேல், மல்லின்சன் என்ற மூன்று ஆய்வாளர்கள் விளக்கினார்கள். குதிரையின் சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியா, மழைக்கால ஈரம், பித்தளைக்குள் ஏற்கெனவே இருந்த இழுவிசை. இந்த மூன்றும் ஒன்றாக வந்தால்தான் வெடிப்பு.

அந்த இழுவிசை எங்கிருந்து வந்தது? நூற்றுக்கு எழுபது செம்பும் முப்பது துத்தநாகமும் கலந்த பித்தளைத் தட்டை அச்சில் அழுத்தி இழுத்து இழுத்துத்தான் குழாயாக்குகிறார்கள். வெளியே அமைதியாகத் தெரியும் உறைக்குள் உலோகத்தின் ஒரு பகுதி இன்னொரு பகுதியை இழுத்துக்கொண்டே இருக்கும். அம்மோனியா ஈரத்தில் கரைந்து செம்பை அணைவு அயனியாகக் கரைத்தெடுக்கும், அதுவும் உலோகப் பரல்களின் எல்லைகளில். அங்கே ஒரு நுண்கீறல் விழுந்ததும் உள்ளிழுவிசை அதைத் திறக்கிறது, திறந்த இடத்தில் அம்மோனியா நுழைகிறது, கீறல் இன்னும் நீள்கிறது. கண்டுபிடித்த மருந்தும் எளிது: அச்சிலிருந்து வந்த உறையை மிதமாகச் சூடாக்கி ஆறவிட்டால் உள்ளிழுவிசை தளர்ந்துவிடும். இன்றைய தோட்டாக்களில் இது செய்யப்படுகிறது. சில உறைகளின் கழுத்தில் தெரியும் நீலப் பழுப்பு நிற மாற்றம் அந்தச் சூட்டின் தடம்தான். ஆபத்து குறைந்திருக்கிறதே தவிர ஒழியவில்லை. பழைய இருப்புகளில் அது அப்படியே இருக்கிறது.

லாயங்கள் போய்விட்டன, அம்மோனியா போகவில்லை. தோல் பதனிடும்போது முடி நீக்கச் சுண்ணாம்பில் ஊறிய தோலிலிருந்து சுண்ணாம்பை எடுக்க அம்மோனியம் சல்ஃபேட்டோ அம்மோனியம் குளோரைடோ சேர்ப்பார்கள். சுண்ணாம்பின் காரத்தில் அது அம்மோனியாவாக எழும். கண் எரியும் அந்த நெடி ஆலையில் வேலை செய்தவர்களுக்குப் பழக்கம். ஆலை வளாகத்துக்குள் காவலர் அறையில் துப்பாக்கியும் தோட்டாவும் வைத்திருந்தால் நனைவேலைப் பகுதியிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு நல்லது. ஆலையே இல்லாத வீட்டிலும் மாட்டுக் கொட்டகை, கோழிக் கூண்டு, யூரியா மூட்டை அடுக்கிய அறை ஆகியவை அதே வேலையைச் செய்யும். தோட்டாவைத் தனியே பூட்டச் சொன்னதும் பலருக்கும் முதலில் தோன்றும் இடம் கொல்லைப்புற அறை. அந்த இடம்தான் கூடாது.

ஈரத்தை வெல்வதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு. கதவின் ஓரம் முழுக்க ரப்பர் பட்டி ஒட்டுங்கள். காற்று புகும் சந்து அடைபட்டால்தான் சிலிக்கா ஜெல்லால் தன் வேலையைச் செய்ய முடியும். அரை கிலோ சிலிக்கா ஜெல், ஒப்பு ஈரப்பதத்தை ஐம்பதை ஒட்டி வைக்கும் நிலையில், நூறு கிராமுக்கு மேல் நீரைக் குடிக்கும். ஷூ பெட்டியில் வரும் ஒரு கிராம், இரண்டு கிராம் பொட்டலங்களைச் சேர்த்து வைத்துப் போடுவதில் பயனில்லை, அவை வழியிலேயே நிரம்பியிருக்கும். நிறம் மாறும் வகையை வாங்குங்கள். நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாக மாறுவதில் கோபால்ட் குளோரைடு இருக்கிறது, அது உடலுக்குக் கேடு. ஆரஞ்சிலிருந்து பச்சையாக மாறும் வகை மேல். நிறம் மாறியதும் 120 பாகையில் இரண்டு மூன்று மணி நேரம் சூடாக்கினால் பழையபடி ஆகும், சமையல் பாத்திரத்தில் வேண்டாம். வெயிலில் காய வைப்பது போதாது, நம் வெயில் எவ்வளவு கடுமையானாலும். ஒரு சின்ன ஈரமானி உள்ளே இருந்தால் ஊகிக்க வேண்டியதே இல்லை.

குழலுக்கும் மற்ற உலோகப் பகுதிகளுக்கும் கனிம எண்ணெயை மெல்லிய பூச்சாகத் தடவுங்கள். தேங்காய் எண்ணெய் தடவும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது, விட்டுவிடுங்கள். அது நாளடைவில் சிக்குப் பிடித்துக் கொழுப்பு அமிலங்களை விடுவிக்கும், மார்கழிக் குளிரில் உறைந்து விசைப் பகுதியில் அடைத்துக்கொள்ளும்.

இதுவரை பேசியது உலோகத்தைக் காப்பதைப் பற்றி. பெட்டியின் முதல் வேலை மனிதரைக் காப்பது. கள்ளனைவிட அதிக நேரம் பெட்டிக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் வீட்டுக் குழந்தைகள்.

2001-இல் அமெரிக்காவின் அட்லாண்டாவில் ஒரு சோதனை நடந்தது. எட்டு முதல் பன்னிரண்டு வயதுச் சிறுவர்களை இருவர் மூவராக ஓர் அறையில் விட்டு, இழுப்பறையில் செயலிழக்கச் செய்த நிஜக் கைத்துப்பாக்கி ஒன்றை வைத்திருந்தார்கள். பெரும்பாலான குழுக்கள் அதைக் கண்டெடுத்தன. கண்டெடுத்த குழுக்களில் பெரும்பாலானவை கையில் எடுத்தன, பல குழுக்களில் யாராவது விசையையும் அழுத்தினார்கள். துப்பாக்கியைத் தொடக்கூடாது என்று ஏற்கெனவே சொல்லிக் கொடுக்கப்பட்டவர்களே அவர்களில் மிகுதி. புடவைக்குப் பின்னால் மறைத்து வைப்பது ஏன் பாதுகாப்பு ஆகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். என் பிள்ளை அப்படிச் செய்ய மாட்டான் என்று சொல்லாத பெற்றோர் எந்த நாட்டிலும் இல்லை.

2005-இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்த ஆய்வு, பிள்ளைகள் துப்பாக்கியால் காயப்பட்ட வீடுகளையும் காயம் நேராத வீடுகளையும் ஒப்பிட்டது. துப்பாக்கியைப் பூட்டுவது, தோட்டா நீக்கி வைப்பது, தோட்டாவைப் பூட்டுவது, தோட்டாவை வேறிடத்தில் வைப்பது ஆகிய நான்கும் தனித்தனியே ஆபத்தைக் குறைத்தன. துப்பாக்கியைப் பூட்டி வைத்த வீடுகளில் அந்த ஆபத்து, பூட்டாத வீடுகளில் இருந்ததில் ஏறத்தாழ நான்கில் ஒன்றாக இருந்தது. அந்த நான்கு வழிகளில் இரண்டுக்குப் பணமே தேவையில்லை என்பதைக் கவனியுங்கள்.

அந்தக் காயங்களில் தற்செயலாக வெடித்தவையும் உண்டு, தனக்குத் தானே செய்துகொண்டவையும் உண்டு. இரண்டாவதைப் பற்றிப் பேச நம் வீடுகளில் தயக்கம் இருக்கிறது. பேசித்தான் ஆக வேண்டும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் பலருக்கும் அலை போல எழுந்து, கொஞ்ச நேரத்தில் அடங்கும். அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது என்பதே பிழைப்பதையும் பிழைக்காததையும் தீர்மானிக்கிறது. தமிழ்நாட்டில் இதைச் சோதித்துக் காட்டியவர் மருத்துவர் லட்சுமி விஜயகுமார், சென்னையின் சினேகா அமைப்பை நிறுவியவர். நம் கிராமங்களில் அந்தக் கைக்கெட்டும் பொருள் பூச்சிமருந்து. கடலூர் மாவட்டக் கிராமங்களில் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் பொது இடத்தில் வங்கி லாக்கர் போன்ற பெட்டிகளில் வைக்கும் ஏற்பாட்டை அவரது குழு செய்து பார்த்தது. பெட்டியைத் திறக்க இரண்டு சாவி வேண்டும், ஒன்று விவசாயியிடம், மற்றது பொறுப்பாளரிடம். 2013-இல் வெளியான அந்த ஆய்வு, மக்கள் இதை ஏற்றுக்கொண்டார்கள் என்பதையும், அந்தக் கிராமங்களில் பூச்சிமருந்தால் நேர்ந்த தற்கொலைகள் குறைந்ததையும் காட்டியது. விவசாயி மருந்து எடுக்க வேண்டிய நாளில் எடுத்தார், நடுராத்திரியில் எடுக்க முடியவில்லை, அவ்வளவுதான் வேறுபாடு.

இரண்டு சாவி என்ற அந்த யோசனையை எந்தச் செலவும் இல்லாமல் வீட்டுக்குக் கொண்டுவரலாம். துப்பாக்கிப் பெட்டியின் சாவி உரிமதாரரிடமே இருக்கட்டும், சட்டமும் அதையே எதிர்பார்க்கிறது. தோட்டாவைத் தனியொரு சின்ன இரும்புப் பெட்டியில், வேறு அறையில், வேறு பூட்டில் வையுங்கள். திண்டுக்கல்லில் செய்த ஒரு நல்ல பூட்டு இதற்குப் போதும். அந்தப் பூட்டின் சாவியைச் சாவிக்கொத்தில் சேர்க்காதீர்கள். இரண்டு பெட்டிக்கும் நடுவே இரண்டு அறைகளும் நாலைந்து நிமிடமும் இருக்கட்டும். காவல் வேலைக்குத் தினமும் எடுத்துப் போகிறவர்களுக்கு இது தொல்லையாகத்தான் இருக்கும். அந்தத் தொல்லையைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வீட்டில் யாராவது மனம் உடைந்திருக்கிறார்கள், குடி அதிகமாகியிருக்கிறது, கடன் நெருக்குகிறது, சண்டை முற்றுகிறது என்றால் பெட்டி எவ்வளவு தடிப்பாக இருந்தாலும் துப்பாக்கி அங்கே இருக்க வேண்டாம். தேர்தல் வந்தால் உரிமத் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்வார்கள், நமக்கு அந்த நடைமுறை பழக்கம். தேர்தல் இல்லாத நாளிலும், பாதுகாப்பில் வைக்கும் உரிமமுள்ள ஆயுத வியாபாரியிடம் ஒப்படைத்து ரசீது பெறலாம். காவல் நிலையத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். மனம் உடைந்தவருக்காக 104 என்ற எண்ணிலும், டெலி மானஸ் 14416 என்ற எண்ணிலும் எந்நேரமும் பேசலாம். துப்பாக்கி திரும்பி வரும் நாளில், அதை நேராகப் பெட்டிக்குள் வைத்துவிடாதீர்கள். வேறிடத்து ஈரத்தோடும் வேறு கைகளின் வியர்வையோடும் வந்திருக்கும். பிரித்து, துடைத்து, எண்ணெய் பூசி, ஒரு நாள் விட்டு மறுபடி பார்த்து, பிறகு பூட்டுங்கள்.